அடைத்த ஓட்டைக்குப் பக்கத்தில்

என் தங்கை எப்படிப் போனாள் என்று யாராவது கேட்டால் எங்கள் சொந்தக்காரர்கள், "பொறவியிலேயே நெஞ்சுல கோளாறு, பாவம்" என்று சொல்லி உச்சுக்கொட்டுவார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் 'பாவம்' காதில் விழுந்தால் எனக்கு உடம்பு எரிகிறது. பிறவிக் கோளாறை டாக்டர்கள் அறுத்துத் தைத்துச் சரிசெய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

நாங்கள் பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஐம்பதுகளின் நடுவில் தங்கை பிறந்தாள். எனக்கு அப்போது ஐந்து வயது. மூன்றாம் மாதத்திலிருந்தே அவளுக்கு மார்ச்சளி. ஒன்று போவதற்குள் அடுத்தது வந்துவிடும். பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்குவாள். நெற்றி வேர்த்து ஒழுகும். அவள் நெஞ்சில் கை வைத்தால் உள்ளே பூனை உறுமுவது போல அதிரும். நானும் வைத்துப் பார்த்திருக்கிறேன். தங்கச்சி என்றால் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் சேர்க்கும் வயது வந்தபோது டவுனில் ஒரு லேடி டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெடுநேரம் வைத்துக் கேட்டார். இதயத்தின் கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் ஓட்டை இருக்கிறது என்றார். அப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதே டாக்டர் அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்: ஒரு நாள் ரயில் பயணத்தில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இப்போது இதயத்தை நிறுத்திவைத்து ஓட்டையை அடைக்கிறார்கள், அதுவரை ரத்தத்தை வெளியே ஒரு மெஷினில் ஓடவிடுகிறார்கள், அழைத்துப் போங்கள்.

அப்பா இதை மருங்காபுரியில் இருந்த பெரியப்பாவுக்கு எழுதினார். அப்பாவுக்கு மூத்தவர் அவர் ஒருவர்தான். ஊரில் வானம் பார்த்த நிலத்தில் கடலையும் சோளமும் போட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கேட்காமல் எங்கள் வீட்டில் சுவருக்கு வெள்ளைகூட அடிக்க மாட்டார்கள். கடிதம் கிடைத்த மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"பொம்பளப் புள்ள நெஞ்சைக் கீறி வெச்சா நாளைக்கு எவன்டா கட்டுவான்?" என்று கேட்டார்.

"கீறலேன்னா நாளைக்கு புள்ளையே இருக்காதுங்குறாங்க அண்ணே."

பெரியப்பா மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவினார். பிறகு சொன்னார். "சரி, கூட்டிட்டுப் போ. ஆனா ஒண்ணு. நெஞ்சைக் கீறுன விஷயம் இந்தக் காலனியிலயும் சரி, நம்ம ஊருலயும் சரி, ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது. இவளுக்கு மட்டும் இல்ல, மூத்தவளுக்கும் வரன் பாக்கணும்."

மூத்தவள் நான். எனக்குப் பதினாலு முடிந்து பதினைந்து நடந்துகொண்டிருந்தது. என் பேரைச் சொல்லித்தான் என் தங்கையின் வாயைக் கட்டினார்கள். அப்பா சரி என்று தலையாட்டினார்.

ஆஸ்பத்திரிக்கு என்னையும் அழைத்துப்போனார்கள், அம்மாவுக்குத் துணையாக. ஆபரேஷன் முடிந்து தங்கையை நாங்கள் பார்த்தபோது கழுத்துக் குழியிலிருந்து மேல்வயிறு வரைக்கும் பஞ்சுக் கட்டு. ஓட்டையை அடைத்துவிட்டார்கள். ஆனால் முதல் மூன்று நாள் அவள் கட்டிலைச் சுற்றி எந்நேரமும் டாக்டர்கள் நின்றார்கள். இதயம் மிக மெதுவாகத் துடிக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நர்ஸ்கள் மாறி மாறி வந்து அவள் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து வாட்சைப் பார்த்து எண்ணினார்கள். பார்த்துக்கொண்டே இருந்த எனக்கும் அது வந்துவிட்டது. யாரும் இல்லாதபோது நானே விரலை வைத்துச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவேன். நாற்பது. நாற்பத்திரண்டு. நாலாவது நாள் காலையில் எண்பத்தாறு வந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து இன்னொரு தரம் எண்ணினேன். பிறகு வந்த நர்ஸ் எண்ணிவிட்டு ஓடிப்போய் டாக்டரை அழைத்துவந்தாள்.

ஊருக்குக் கிளம்பும் அன்று ஒரு இளம் டாக்டர் அப்பாவை உட்காரவைத்துப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன்.

"நாங்க அடைச்ச ஓட்டைக்கு ஒட்டினாப்பலதான் துடிப்புக்கான பாதை போகுது. தையல் போடும்போது அது கொஞ்சம் அடிபட்டு வீங்கியிருக்கும். இப்ப சரியாயிடுச்சு. பின்னால எப்பவாவது மயக்கம் வந்தா உடனே நாடியைப் பாருங்க. குறைவா இருந்தா ஒரு நாள்கூடத் தள்ளாம இங்க கூட்டிட்டு வாங்க. எல்லாம் இதுல எழுதியிருக்கேன்."

இரண்டு பக்கம், இங்கிலீஷில். அப்பா அதை மடித்து உறைக்குள் வைத்தார். வீடு வந்ததும் உறை டிரங்குப் பெட்டிக்குள் போனது.

காலனியில், குழந்தைக்கு நிமோனியா, ஊரில் வைத்து வைத்தியம் பார்த்தோம் என்று சொன்னோம். அம்மா தையல்காரரிடம் சொல்லிக் கழுத்தை ஒட்டிப் பட்டன் வைத்த சட்டைகளாகத் தைத்துவாங்கினாள். தங்கையோ அதுவரை அடைத்துவைத்த ஓட்டத்தையெல்லாம் மொத்தமாக ஓடித் தீர்த்தாள். கன்னம் உப்பியது. ரயில்வே மைதானத்தில் பையன்களை முந்திக்கொண்டு ஓடுவாள். படிகளை ஒன்று விட்டு ஒன்று தாவுவாள். அம்மா வாசலில் நின்று, "மெதுவாடி, மெதுவாடி" என்று கத்துவாள், கத்திவிட்டுச் சிரிப்பாள். அந்த ஒன்றரை வருஷத்தில் எங்கள் வீட்டில் எல்லோருமே கொஞ்சம் சதை போட்டோம்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை பள்ளியில் பிரேயர் நடக்கும்போது அவள் விழுந்தாள். விழுந்து, கண்ணை விழித்து, எழுந்து நின்றுவிட்டாள். காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று சொல்லி டீச்சர் ஒரு டம்ளர் காபி வாங்கிக்கொடுத்தார். அடுத்த மாதம் வகுப்பிலேயே விழுந்தாள். அன்று கணக்குப் பரீட்சை. தப்பிக்க நாடகம் ஆடுகிறாள் என்று அதே டீச்சர் அவளை பெஞ்சின் மேல் ஏற்றி நிற்கவைத்தார். நின்றபடியே மறுபடி மயங்கி, அந்த உயரத்திலிருந்து விழுந்து, முன்னால் இருந்த பெஞ்சின் முனையில் நெற்றி மோதிக் கிழிந்தது.

நான் அதே பள்ளியில் மேல் வகுப்பில் இருந்தேன். ஆயா வந்து கூப்பிட்டாள். நான் போனபோது ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் நெற்றியில் துணியைக் கட்டி உட்காரவைத்திருந்தார்கள். சற்று நேரத்தில் அம்மாவும் வந்துசேர்ந்தாள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் பொறுமையாகத்தான் கேட்டார். "ஏம்மா, குழந்தைக்கு ஏதாவது வியாதி வெக்கை உண்டா? மறைக்காம சொல்லுங்க. நாங்க அதுக்குத் தகுந்த மாதிரி பாத்துக்குவோம்."

அம்மா சேலைத் தலைப்பை முறுக்கினாள். "ஒண்ணும் இல்லைங்க. பலவீனம்தான்."

தங்கை அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நானும் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் மேல் எனக்கு உள்ள கோபத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன். ஆனால் அன்று அந்த அறையில் நான் நின்ற நிலையை நினைக்கும்போது அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டீச்சருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்து அப்பாவின் வாட்சை வைத்து எண்ணினேன். எண்பத்திரண்டு. மறுநாள் காலையில் எண்பது. மூன்றாம் நாள் முப்பத்தாறு. எண்ணி முடித்தபோது அவள், "என்னக்கா, தூக்கமா வருது" என்றாள். அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை எண்ணி என் பழைய ஜாக்ரபி நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். சில நாள் எண்பது, சில நாள் நாற்பதுக்குக் கீழே.

அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். பார்த்தார். "காலனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்பா" என்றேன். அங்கே போனால் காலனி முழுக்கத் தெரிந்துவிடும் என்றார். தென்னூரில் ஒரு டாக்டர் இருந்தார், வாசலில் எப்போதும் கூட்டம். அங்கே போனோம். அவரிடம் ஆபரேஷனை மறைக்க முடியாது, சட்டையைக் கழற்றினால் தெரிந்துவிடும். அப்பா சொன்னார்.

டாக்டர் தழும்பைப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை இரண்டு இடத்தில் வைத்தார். "ஓட்டையை நல்லா அடைச்சிருக்காங்க. இதயம் சரியாயிடுச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இது ஃபிட்ஸா இருக்கலாம். இல்லேன்னா ஹிஸ்டீரியா. பெரியவளாகப் போற வயசு, சில பொண்ணுங்க இப்படிப் பண்ணும்."

நான் நோட்டை மேஜையில் வைத்தேன். "நாடி சில நாள் முப்பத்தாறுக்கு வருதுங்க டாக்டர். நான் எண்ணி எழுதியிருக்கேன்."

அவர் நோட்டைத் தொடவில்லை. தங்கையின் கையைப் பத்து விநாடி பிடித்தார். அன்று பார்த்து எண்பதில் ஓடிக்கொண்டிருந்தது. "நாடி பாக்குறது என் வேலை. நீ பள்ளிக்கூடத்துல பாடம் படி" என்றார். சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை.

ஈ.சி.ஜி. எடுக்கிற மெஷின் அப்போதே திருச்சியில் இருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதிக்கொடுத்திருந்தால் போதும். எழுதவில்லை. வலிப்புக்கு மாத்திரை கொடுத்தார். அதைத் தின்று என் தங்கை ஐந்து மாதம் தூங்கி வழிந்தாள். பாடம் ஏறவில்லை. சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி தூங்கினாள். மயக்கம் மட்டும் நிற்கவில்லை.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் போனோம். அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். சித்தி வீட்டிலிருந்து புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு காவிரிக்கரையில் அம்மா மண்டபம் படித்துறைக்கு நடந்தோம். காவிரி இரு கரையும் தொட்டுப் போனது. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுவிட்டுப் பெண்கள் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கை எனக்கு முன்னால் இரண்டு படி இறங்கித் தண்ணீரில் நின்றாள். "அக்கா, ஜில்லுனு..." என்று திரும்பினாள். திரும்பியபடியே அவள் முகத்திலிருந்து ரத்தம் முழுக்க வடிந்தது. சாய்ந்தாள்.

பாவாடையைப் பிடித்துவிட்டேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் கை கொடுத்து மேல் படிக்குத் தூக்கினார். கை கால் இரண்டு தடவை வெட்டி இழுத்தன. கூட்டம் சூழ்ந்தது. "வலிப்பு, வலிப்பு, இரும்பைக் குடுங்க" என்று யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். நான் அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தேன். விரலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. எனக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டு வரை போனேன். பிறகு ஒரு துடிப்பு வந்தது. சற்று விட்டு இன்னொன்று. பிறகு வரிசையாக வந்தன. வெளுத்துக் கிடந்த முகத்தில் குப்பென்று செக்கச்செவேலென்று ரத்தம் ஏறியது. கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தாள்.

"யார் வீட்டு சாவிக்கா இது?" என்றாள்.

அன்றே அப்பாவிடம் சொன்னேன். "இது வலிப்பு இல்லப்பா. நாடி நின்னு போவுது. நானே கையில புடிச்சுப் பாத்தேன்." அப்பா, "பாப்போம்" என்றார். அவர் பார்த்தது என்னவென்றால், பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் பெரியப்பா ஒரு கோடங்கியோடு வந்து இறங்கினார். தண்ணியில் நின்றபோது விழுந்தாள் அல்லவா, ஆற்றங்கரையில் ஏதோ அண்டிவிட்டதாம். கூடத்தில் பாயை விரித்து, வேப்பிலையும் விபூதியும் வைத்து, உடுக்கையை எடுத்தார் கோடங்கி. லீவு நாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வந்து சன்னலிலும் வாசலிலும் நின்றார்கள். தங்கையைப் பாயில் உட்காரவைத்து, அவள் தலைமுடியைப் பிடித்து, "யார் நீ, சொல்லு" என்று கோடங்கி கேட்டார்.

அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முடியை விடுவித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எனக்கு பேயி ஒண்ணும் இல்ல. ஆபரேஷன் பண்ணியிருக்கு" என்றாள்.

"ஏய், உக்காரு" என்றார் பெரியப்பா.

"இதயத்துல ஓட்டை இருந்துச்சு. அதைத் தச்சிருக்காங்க. நிமோனியான்னு பொய் சொன்னாங்க." கழுத்துப் பட்டன்களைக் கழற்றிச் சட்டையைக் கீழே இழுத்தாள். கயிறு தடிமனுக்கு ஊதாவும் சிவப்புமாய் அந்தத் தழும்பின் மேல்பகுதி எல்லோருக்கும் தெரிந்தது. சன்னலில் நின்றவர்கள் பக்கமாகவும் திரும்பிக் காட்டினாள். "பாத்துக்கோங்க. இதைத்தான் மூடி மூடி வெச்சாங்க."

கோடங்கி உடுக்கையைத் துணியில் சுற்றினார். "நெஞ்சுல தையல் போட்ட புள்ளையா? அதை முன்னாடியே சொல்ல வேணாமாங்க? நான் கை வெக்க மாட்டேன்" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்தார். அத்தனை பேரில் அந்த ஒரு மனுஷருக்குத்தான் விஷயம் உடனே புரிந்தது.

நான் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து உறையை எடுத்தேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன்; அந்த இங்கிலீஷ் பாதிக்கு மேல் புரிந்தது. மயக்கம், நாடி, உடனே திரும்பி வரவும். மூன்றாவது வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்கள். அப்பா முன்னால் நீட்டினேன்.

"இதை நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எப்ப?"

"ரயில்லயே."

"அப்ப பிரேயர்ல விழுந்த அன்னைக்கே தெரியும் உங்களுக்கு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "மறுபடியும் அறுப்பாங்கன்னு பயந்துட்டேம்மா. அந்தக் கட்டோட அவளைப் பாத்தேன்ல. இன்னொரு தடவை பாக்க முடியாதுன்னு..." அழுதார். எனக்கு இரக்கம் வரவேண்டும். வரவில்லை. "இன்னைக்கே ரயில் பாஸுக்கு எழுதிக் குடுங்க" என்றேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதே டாக்டர். ஈ.சி.ஜி. காகிதத்தை மேஜையில் நீளமாக விரித்துவைத்து எங்களுக்கே காட்டினார். "மேல் அறை துடிக்கிறது தனி, கீழ் அறை துடிக்கிறது தனி. மேல இருந்து வர்ற உத்தரவு கீழ போய்ச் சேரல. கீழ் அறை தானா முடிஞ்ச மட்டும் துடிக்குது. சில சமயம் அதுவும் நின்னுடுது. அப்பத்தான் விழுறா."

"ஏங்க இப்படி ஆச்சு?" என்று அம்மா கேட்டாள்.

அவர் மறைக்கவில்லை. "நாங்க போட்ட தையலாலதான்மா. ஓட்டையை அடைக்கலேன்னா குழந்தை இத்தனை நாள் இருந்திருக்காது. அடைச்சதுல இது வந்துடுச்சு."

அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் கேட்டேன். "இதையெல்லாம் அன்னைக்கே தமிழ்ல எழுதிக் குடுத்திருக்கலாமே டாக்டர்? அம்மாவும் படிச்சிருப்பாங்க." அவர் கொஞ்சம் திகைத்துப்போய், "செஞ்சிருக்கணும்" என்றார்.

வலிப்பு மாத்திரையை நிறுத்தினார். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்தார். மயக்கம் நீடித்தால் நெஞ்செலும்பின் மேல் கையை மடக்கி ஓங்கி ஒரு தட்டு தட்டச் சொன்னார். வெளிநாட்டில் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்துத் துடிக்க வைக்கிறார்களாம். இங்கே இன்னும் வரவில்லை என்றார். முன்னாலேயே நாங்கள் கூட்டிவந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அப்பா கேட்டார். அப்போது வேறு மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், பலன் இருந்திருக்குமா என்று சொல்ல முடியாது என்றார். 'சொல்ல முடியாது' என்பதை அப்பா பிற்பாடு பலதடவை பிடித்துக்கொண்டார். நான் பிடித்துக்கொண்டது 'பார்த்திருக்கலாம்' என்பதை.

திரும்பி வந்த வாரம் தென்னூருக்குக் கிளம்பினேன். "நானும் வரேன்க்கா. அவரு மூஞ்சியப் பாக்கணும்" என்று தங்கையும் கூட வந்தாள். வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போனோம். டாக்டருக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். என் இங்கிலீஷ் உச்சரிப்பு மோசம். கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் இருந்தவர்களின் பேச்சு நின்றது. முடித்துவிட்டு, "நீங்க ஹிஸ்டீரியான்னீங்க" என்றேன்.

டாக்டர் முகம் கறுத்தது. கத்துவார் என்று நினைத்தேன். காகிதத்துக்காகக் கையை நீட்டினார். இரண்டு முறை படித்தார். பிறகு, "நான் இதை எழுதி வெச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து நாலைந்து வரி எழுதிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை.

பஸ்ஸில் தங்கை, "எழுதிக்கிட்டாருல்ல" என்றாள், திருப்தியாக. அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. ஐந்து மாதத் தூக்கத்தை அவளுக்கு யார் திருப்பித் தருவது?

பள்ளியில் நானே போய்ச் சொன்னேன். பெஞ்சில் ஏற்றிய டீச்சர் அழுதுவிட்டு, "முன்னாலேயே சொல்லியிருக்கணும்ல நீங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தைக் கேட்டபோது அவரை அறைய வேண்டும் போல் இருந்தது. தங்கையின் வகுப்பில் இரண்டு பெண்கள் மாத்திரை டப்பாவைத் தங்கள் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். நாடி பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் அந்த வகுப்பு முழுக்க ஒருத்தி கையை ஒருத்தி பிடித்து எண்ணிக்கொண்டிருந்தது. தங்கை பட்டனைக் கழுத்து வரை போடுவதை நிறுத்திவிட்டாள். அப்படி இரண்டு வருஷம் இருந்தாள். ஓட முடியாது, வேகமாக நடக்க முடியாது. மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை விழுவாள். ஒருமுறை டாக்டர் சொன்னபடி நெஞ்சில் தட்டியதும் துடிப்பு திரும்பியது. எழுந்து உட்கார்ந்து, "வலிக்குதுடி அக்கா" என்று திட்டினாள்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் உட்கார்ந்து ஜடைக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் டிரெயினிங்கில் சேர்ந்திருந்தேன், எனக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. ஆடாம உக்காரு என்று ஒரு அதட்டுப் போட்டேன். அவள் என் மேல் சாய்ந்தாள். மாத்திரையை வைத்தேன். தட்டினேன். மறுபடி தட்டினேன். அந்தத் தழும்பின் மேலேயே எத்தனை தடவை ஓங்கித் தட்டினேன் என்று தெரியாது. அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். தங்கைக்குப் பதினான்கு வயது.

மத்தியானத்துக்குள் மருங்காபுரியிலிருந்து பெரியப்பா வந்துவிட்டார். வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவிடம் ஆறுதலாகச் சொன்னார்: "மனசைத் தேத்திக்கடா. ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்ததுக்கப்புறம் இப்படி ஆகியிருந்தா நாம என்ன பதில் சொல்லியிருப்போம்? அந்த வரைக்கும் தப்பிச்சோம்."

நான் உள்ளேயிருந்து வந்தேன். காலனியே கூடியிருந்தது.

"பெரியப்பா, எழுந்திரிங்க" என்றேன்.

"என்னம்மா?"

"தப்பிச்சோம்னு சொல்ற வாயோட அவ பக்கத்துல நீங்க நிக்கக் கூடாது. எழுந்து போங்க."

"யாருகிட்ட பேசுறேன்னு தெரிஞ்சு பேசு."

"தெரிஞ்சுதான் பேசுறேன். அவ ஒன்றரை வருஷம் நல்லா இருந்தா. மயக்கம் வந்ததும் கூட்டிட்டு வாங்கன்னு எழுதியே குடுத்தாங்க. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க. இவங்க கேட்டாங்க. நானும் கேட்டேன். போங்க."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். தம்பி என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்திருப்பார். அப்பா எழுந்தார். அண்ணனின் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "வாங்கண்ணே, பஸ் ஏத்தி விடுறேன்" என்றார். சாவு வீட்டிலிருந்து இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போனார்கள். அரை மணி கழித்து அப்பா தனியாகத் திரும்பிவந்தார்.

அதற்குப் பிறகு அப்பா மருங்காபுரிக்குப் போகவில்லை. பெரியப்பா இறந்தபோது மட்டும் போய்விட்டு அன்றே திரும்பினார். நான் போகவில்லை. நெஞ்சுக்குள் வைக்கும் அந்தக் கருவி நம் நாட்டுக்கும் வந்துவிட்டது, குழந்தைகளுக்குக்கூட வைக்கிறார்கள் என்று பிற்காலத்தில் கேள்விப்பட்டபோது, நல்ல விஷயம்தானே என்று என்னிடம் சொன்னார்கள். நல்ல விஷயம்தான். அன்று அந்த ஜாக்ரபி நோட்டை எடுத்துப் பின்பக்கத்தைப் புரட்டினேன்.

அம்மா ஒருமுறை கேட்டாள், "இன்னும் எத்தனை நாளைக்குடி இந்தக் கோவத்தை வெச்சுக்கிட்டிருப்ப?"

"நீங்க எல்லாம் வெச்சுக்கலையே. யாராவது ஒருத்தர் வெச்சுக்கணும்ல" என்றேன். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா எழுந்துபோய்க் கஞ்சியை வடித்தாள்.